மார்ச், 1953

டொலீடோவின் வடகோடியில்
மூடிப்போன டயர் கடையில் ஏலம்.
பதினெட்டு டாலருக்கு
சுவர் நாட்காட்டியை எடுத்தாள் வெர்டா ஹோஸ்டெட்லர்.

காற்று தூக்கும் பாவாடை,
பையிலிருந்து உருளும் ஆரஞ்சுகள்,
'ஐயையோ' என்று குவிந்த வாய்.
அந்தக் காலத்துப் பெண்களுக்கு
எப்போதும் இதே விபத்துதான்.
வெயிலில் கன்னச் சிவப்பு போய்விட்டது,
காற்று மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் ஏற்கெனவே நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
தட்டை இழுப்பறைகளில்
மெல்லிய தாள் போர்த்திப் படுத்திருக்கிறார்கள்.
கடைசியாக வந்தவள் டெட்ராய்ட்காரி,
இமானி க்ரூ வரைந்தது, மை இன்னும் மணக்கிறது.
ஒரு கால் உலோகம்.
பாவாடையைத் தானே தூக்கிப் பிடித்து
நம்மை நேராகப் பார்க்கிறாள்.
ஆரஞ்சு எதுவும் கீழே விழவில்லை.

வெர்டா கையுறை மாட்டுகிறாள்.
பூதக்கண்ணாடி முழங்கால், குதிகால் தாண்டி
தேதிக் கட்டங்களுக்கு இறங்குகிறது.
கிரீஸ் விரல் பிடித்த பென்சில்:

3. மழை.
9. ப்யூக், பின் டயர் இரண்டு.
11. லூவெல்லா வரவில்லை.
12. வரவில்லை.
13.

அப்புறம் எழுத்தே இல்லை.
மார்ச்சை யாரும் கிழிக்கவும் இல்லை.
அவள் முதுகுக்குப் பின்னால்
ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது பேர்
வெளுக்காத உதட்டுச்சாயத்தோடு.

"கிறுக்கலை ரப்பரால் எடுத்துவிடு,
முந்நூறுக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்"
என்றார் ஏலத்தில் பக்கத்தில் நின்ற வியாபாரி.

வெர்டா அட்டையை எடுத்து எழுதினாள்.
எண்: 413.
ஓவியர்: கையெழுத்து இல்லை.
படத்தில் இருப்பவர்: தெரியவில்லை.
படத்தில் இல்லாதவர்
என்று ஒரு வரி சேர்த்து,
லூவெல்லா.
எழுத்துக்கூட்டல் சரியா என்று
மறுபடி கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.