ஏற்றத்தில் பன்னிரண்டு புள்ளி நாலு

நீர்கொழும்பில் இரவு இரண்டரைக்கு
மீன் ஏற்றினேன்.
பலயா நாற்பது கிலோ, சாளை இருபது,
லின்னா ஒரு பெட்டி, அதுவும் கடனுக்கு.
பின்னால் குளிர்ப்பெட்டி உறுமியது.
அதற்குச் சோறு போடுவது
பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கிய
லித்தியம் பெற்றரி.
கடைக்காரன் ஒரு கையால் தூக்கிக் காட்டினான்.
"பத்து வருசம் அக்கா,
கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க."

கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டினேன்.
கித்துல்கல தாண்டியதும் ஏற்றம்.
கினிகத்தேனை வளைவுகளில் உறுமல் தேய்ந்தது,
வட்டவளையில் நின்றே போனது.
ஹட்டனில் மூடியைத் திறந்தால்
பலயாவின் கண்ணில் பனி விழுந்திருந்தது.
நோர்வூட்டில் பாதி விலை,
மஸ்கெலியாவில் கால் விலை,
மிச்சம் நாய்க்கு.

மூன்று முறை இப்படி.

பழைய வேனில் இந்தச் சங்கடம் இல்லை.
அதன் அல்டர்னேட்டர் முட்டாள்.
மேடோ பள்ளமோ
பதினாலு வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே கிடக்கும்.
இது புத்திசாலியாம்.
எண்ணெய் மிச்சம் பிடிக்கப் படித்ததாம்.

அஸ்மிர் மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்தான்.
ஹட்டனிலிருந்து இறக்கம்.
நான் பெடலிலிருந்து காலை எடுத்ததும்
"பதினாலரை" என்றான்,
"பதினஞ்சு" என்றான்,
பின்னால் டிக் என்று ஒரு சத்தம்.
தள்ளிய தள்ளில் மூச்சு முட்டி
பெற்றரி கதவைச் சாத்திக்கொண்டது.

வட்டவளையில் திருப்பினோம்.
ஏற்றம்.
"பன்னிரண்டு புள்ளி நாலு.
பன்னிரண்டு புள்ளி நாலு.
அக்கா, உங்க பெற்றரி பதிமூணுல குந்தியிருக்கு.
பன்னிரண்டுலயிருந்து பதிமூணுக்குத் தண்ணி ஏறுமா?"

ஆக,
நிறைய மீனோடு ஏறும்போது கையை மூடிக்கொள்கிறது.
வெறும் பெட்டியோடு இறங்கும்போது
வாயில் திணிக்கிறது.

எனக்கு இது புதுப் பழக்கமில்லை.
பதினொரு வருசம் கொழுந்து எடுத்தவள் நான்.
மழை நாளில் கூடை
முதுகில் கனக்கும், கணக்கில் மெலியும்.
ஈரத்துக்கு மூன்று கிலோ என்பார்கள்,
சாக்குக்கு ஒன்று என்பார்கள்,
போன கிலோ எங்கே போனதென்று
ஒருத்தரும் சொன்னதில்லை.

அஸ்மிர் சிரித்தான்.
"இது களவு இல்லக்கா, இரக்கம்.
ஏறுற நேரம் எஞ்சினுக்குப் பாரம் வேணாம்னு
கம்ப்யூட்டர் நினைக்குது."
எஞ்சினுக்கு இரங்கத் தெரிந்தது,
மீனுக்கு இரங்கவில்லை.

நடுவில் ஒரு பெட்டி வைத்தான்.
செங்கல் அளவு,
முதுகெல்லாம் அலுமினிய விலா எலும்பு.
பன்னிரண்டு வந்தாலும் வாங்கும்,
பதினைந்து வந்தாலும் வாங்கும்,
கொடுக்கும்போது பதினாலு புள்ளி நாலு.
பெற்றரி எவ்வளவு பசியென்று கத்தினாலும்
இருபது அம்பியருக்கு மேல்
அகப்பையைச் சாய்க்காது.
கூலி பாதி காசு,
மீதிக்கு ஆறு வெள்ளிக்கிழமை மீன்.
"லின்னாதான் வேணும்" என்று
ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் வாங்கினான்.

அடுத்த செவ்வாய்
கினிகத்தேனை மூன்றாம் வளைவில்
எஞ்சின் முனகியது.
பின்னால் குளிர்ப்பெட்டி
நீர்கொழும்பில் உறுமிய அதே உறுமல்.
பெட்ரோல் முள்
வழக்கத்தைவிட ஒரு நூல் கீழே.
இருக்கட்டும்.
இந்தக் கணக்கில் கழிவது எங்கே போகிறதென்று
எனக்குத் தெரியும்.

நோர்வூட்டில் சவரியம்மா
செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
"நேத்து மீனா?"
"இன்னைக்கு ரெண்டரை மணி மீன்."
நம்பவில்லை.
பலயாவின் வயிற்றில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள்.
விரல் பட்ட பள்ளம்
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மேடானது.

"முக்கால் கிலோ போடு."

தராசை அவள் பக்கம்
திருப்பி வைத்தேன்.