புளித்த மீன் திறக்கும் மாதம்

தகர டப்பா உப்பியிருந்தது.
ஹில்டிங் திறந்தான்.
மேசையைச் சுற்றி ஒன்பது பேர் மூக்கைப் பொத்தினோம்.
பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அந்தப்புறம் ஓடிப்போனது.
அவன் மட்டும் முகம் சுளிக்காமல்
மீனை ரொட்டியில் வைத்து வெங்காயம் தூவினான்.
இரும்பு மூக்கு என்றார் யாரோ.

அதுதான் முதல் சேதி.
நாங்கள் அதற்குக் கைதட்டினோம்.

இரண்டாவது என் விலாவில் வந்தது.
தூக்கத்தில் அவன் காட்டுமான்களோடு மல்லுக்கட்டினான்;
உதை எனக்கு.
நீலம் பழுத்து மஞ்சளாகும்வரை
நீச்சல்குளத்துக்குப் போகவில்லை.
பிறகு அடுத்த அறையில் கட்டில் போட்டேன்.
கல்யாணமாகி முப்பத்தோராம் வருடம்.
யாரிடமும் சொல்லவில்லை.

கை நடுங்க இன்னும் ஆறு வருடம் இருந்தது.

ஹெர்னோசாண்டிலிருந்து லுண்டுக்கு
ரயிலில் ஒரு பகல் முழுக்க.
முதுகுத்தண்டிலிருந்து இரண்டு கரண்டி தெளிநீர் எடுத்தார்கள்.
அதில் ஒரு புரதம் தப்பாக மடிந்திருக்கிறதாம்,
மடிந்தது பக்கத்தில் இருப்பதையும் மடிக்குமாம்.
தபால் பிரித்தே ஓய்வுபெற்றவன் தலையாட்டினான்:
"ஒன்று தப்பான பெட்டியில் விழுந்தால்
பின்னால் வருவதும் அங்கேதான் விழும்."
உயிர்க்குறியீடு என்கிறோம் இதை, என்றார் டாக்டர் மெஹ்ர்நூஷ்.
என் கை தானாக விலாவைத் தடவியது.

மண்டையில் இரண்டு துளை.
உறைபனியில் கிடந்த செல்கள்,
எந்தக் கருவிலோ தொடங்கியவை.
பெயர் இல்லை, நன்றி அட்டை அனுப்ப முகவரி இல்லை.
துளையைவிட அதுதான் அவனை உறுத்தியது.

"வேர் பிடிக்க ஒரு வருடம் ஆகலாம்.
பிடிக்காமலும் போகலாம்."
பொய் சொல்லத் தெரியாத டாக்டர்.
அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

பதினான்கு மாதம்.
ஸ்கேனில் ஒரு வெளிச்சப் பொட்டு,
போன தடவை இவ்வளவு இல்லை என்றார்கள்.
வீட்டில் அப்படி எதுவும் எரியவில்லை.
சட்டைப் பொத்தான் நான்தான் போடுகிறேன்.
மேல் இரண்டை மட்டும்
தொட விடுவதில்லை.

மறுபடி ஆகஸ்ட். டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன்,
திறப்பான் அவன் கையில்.
நாய் ஓடியது; இது வேறு நாய்.
மூக்கில் யாரும் எதையும் நட்டுவைக்கவில்லை.
"எப்படித்தான் இருக்கும் அது?" என்று
முதல்முறையாகக் கேட்டான்.

அழுகின முட்டை, என்றேன்.
அப்புறம் காறிப்போன வெண்ணெய்.
அதற்கும் அடியில், கொஞ்சம் பொறுத்தால், கடல்.

"ம், சொல்லு."
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்,
பெரிது பெரிதாக,
ஒன்றுக்கொன்று ஒட்டாமல்.