கேட் பாஸ்

சித்ரா தீவில் குழாய்க் கிடங்கு,
இரண்டாம் கேட்டில் நான்.
இருபத்திரண்டு வருஷம்.
வண்டி எண், டிரைவர் பெயர், யாரைப் பார்க்க,
உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்.
ஐந்து கட்டம் போட்ட நோட்டு
வருஷத்துக்கு நாலு தீரும்.
ஒருமுறை முதலாளியின் மச்சானையே
வெயிலில் நிறுத்திவிட்டு
ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
அவன் திட்டினான்.
முதலாளி அந்த மாசம் ஐந்து தினார் கூடக் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்டவன்தான்.

வெள்ளிக்கிழமை காலை,
இரவு ட்யூட்டி முடிந்து குதைபியா அறைக்கு வந்து
ஏசிக்கு நேர்கீழே
கண் அசந்த நேரம்.
"சாந்தப்பன் ஐயாவா? பேங்க்லேர்ந்து பேசுறேன்."
தமிழ்.
உடைந்த இந்தி இல்லை, அதட்டும் அரபி இல்லை,
எங்கள் ஊருக்கு
ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளின தமிழ்.
"தூங்கிட்டிருந்தீங்களா, மன்னிக்கணும்.
நைட் ட்யூட்டியா? சாப்டீங்களா?"

அந்த அறையில் ஆறு பேர் படுக்கிறோம்.
சாப்பிட்டாயா என்று ஒருத்தன் கேட்டு
எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.
அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான்.

சிபிஆர் அட்டை காலாவதியாம்.
பன்னிரண்டு மணிக்குக் கணக்கு முடங்குமாம்.
இன்று பேங்க் லீவாம், அதனால்தான்
அவனே மெனக்கெட்டுக் கூப்பிட்டானாம்.
"பதறாதீங்க ஐயா, நான் இருக்கேன்.
லைனைக் கட் பண்ணாதீங்க.
பக்கத்துல யார்ட்டயும் சொல்லாதீங்க, ரகசிய நம்பர் பாருங்க."
கண்ணாடி எங்கேயோ கிடந்தது.
புரை விழுந்த கண்ணைப் போனோடு ஒட்டிவைத்து
ஆறு எண்ணையும் படித்தேன்,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி,
ஒன்றுகூடத் தப்பில்லாமல்.

எண்ணூற்றுப் பதினாலு தினார், முன்னூற்றைம்பது பில்ஸ்.
அந்தக் கண்ணுக்காகச் சேர்த்தது.
தினாரை எடுத்துக்கொண்டு
பில்ஸை விட்டுவைத்தான்.
ஏடிஎம் அதைத் தராது.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை.
அவன் சொல்லாதே என்றது
பத்து நிமிஷத்துக்கு.
மிச்சத்தை வெட்கம் பார்த்துக்கொண்டது.
வாட்ச்மேன் வீட்டில் திருட்டு என்றால்
சிரிக்க மாட்டார்களா.

பத்தாம் நாள், குளியலறை வரிசையில்,
மேல்கட்டில் தஸ்தகீரிடம் உளறிவிட்டேன்.
அவன் வாளியைக் கீழே வைத்தான்.
"போன நோன்புல எனக்கு. லாட்டரி விழுந்திருக்குன்னான்.
நூத்தி அறுபது."
மேலும் கீழுமாய்ப் படுத்துக்கொண்டு
ஒரே பள்ளத்தில் கிடந்திருக்கிறோம்.

பேங்கில் ஒரு பெண். கோபப்படவில்லை.
நம்பரை நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்றாள்.
அன்றைக்கே கூப்பிட்டிருந்தால்
ஒருவேளை தடுத்திருக்கலாம் என்றாள்.
அந்த ஒருவேளையைப் பஸ் முழுக்க
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள்.
அங்கேயும் கட்டம் போட்ட நோட்டுதான்.

இப்போது தலையணைக்கு அடியில் ஒன்று இருக்கிறது.
அதே ஐந்து கட்டம்.
அட்டையின் பின்பக்கத்து நம்பரை
முதல் தாளில் கொட்டை எழுத்தில்
எழுதித் தந்தது தஸ்தகீர்.
போன் அடித்தால் முதலில் எழுந்து உட்காருகிறேன்.
கண்ணாடி. பேனா. பிறகுதான் ஹலோ.

நேற்று வந்தான்.
அவனா, அவன் கூட்டாளியா, தெரியாது.
"ஐயா, ரொம்ப அவசரம்..."
பெயர் கேட்டேன். சொன்னான். எழுதினேன்.
யாரைப் பார்க்க என்ற கட்டத்தில்
'என் பணத்தை' என்று நானே நிரப்பினேன்.
"வெளியே நில்லு தம்பி,
ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வரேன்."
"கட் பண்ணாதீங்க ஐயா, கட் பண்ணா..."
அவன் முதுகுக்குப் பின்னால்
பத்துப் பதினைந்து குரல்கள்
பத்துப் பதினைந்து பேரை
ஐயா, அம்மா என்று அழைத்துக்கொண்டிருந்தன.
எந்தெந்த அறையில்
யார் யார் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தார்களோ.

நீ சாப்டியாப்பா என்று
வாய்வரை வந்தது.
கேட்கவில்லை.
வெளியே போன நேரம்: பதினொன்று நாற்பத்திரண்டு.