வரவேற்புச் செலவு

பெட்டி எண் நூற்றுப் பதினான்கு.
மிஸ்த்ரால் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கும்
எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் கட்டிடத்தில்
பக்கத்துக்குப் பதினோரு சான்தீம் கூலிக்கு
என் ஊரைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்காதே, எடு, என்பாள் சோலாஞ்ஜ்.
படித்தால் வேகம் குறையும்.
குறைந்தது.

புதுச்சேரி ஆலோசனை சபை. கூட்டக் குறிப்பு.
கவர்னர் துரை கரையிறங்கி ஐந்தாம் நாள்.
எல்லோரும் எழுந்து நிற்க, தலைவர் வாசிக்கிறார்:
'தங்களுக்கு முன்பே தங்கள் புகழ்
எங்கள் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது...'
ஓரத்தில், கைதட்டல்.
இரண்டு வரி தள்ளி, நீண்ட கைதட்டல்.
அதற்கடுத்த முறை எழுத்தருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது.
முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைத்துவிட்டார்.

துரையின் பெயர் வரும் இடத்தில் மட்டும்
தாள் வெங்காயத் தோலாய் மெலிந்திருக்கிறது.
விளக்கைக் கூட்டினேன்.
ஒபேர்லான் என்ற பெயருக்கு அடியில்
கத்தியால் சுரண்டிய தெலூவர்.
தெலூவருக்கும் அடியில் யாரோ ஒருவர்,
வால் எழுத்து மட்டும் மிச்சமாய்.
மூன்று துரைகளின் புகழும்
ஒரே சலங்கில் அலை தாண்டி வந்திருக்கிறது.

வழிமொழிய எழுந்தவர் தம்பு நாயக்கர்.
சூரியன் என்கிறார், சந்திரன் என்கிறார்,
மாரி என்கிறார்.
மாரி என்றதும் நினைவு வந்தவராய்
ஊசுட்டேரி மதகு மூன்று வருஷமாய் ஒழுகுகிறது என்கிறார்.
தலைவர் மணி அடிக்கிறார்.
குறிப்பில் அந்த மணி இருக்கிறது.
மதகு அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை.

அடுத்த தாள் செலவுக் கணக்கு.
பந்தல். வாழை பதினெட்டு. பன்னீர்.
பீரங்கிக்கு மருந்து.
ஷாம்பெயின் புட்டி நாற்பது, அதில் உடைந்தது ஆறு
(உடைந்ததற்கும் பணம் கொடுத்தாயிற்று).
மாலை, பதினாறு.
மாலைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பின்னால் குண்டூசி துருவேறிய தமிழ்த் தாள்,
யாரோ கூலிக்கு எழுதிக்கொடுத்த கையெழுத்து:

'சபையார் சமுகத்துக்கு
முத்தியாலுப்பேட்டை பூக்காரி செங்கேணி விண்ணப்பம்.
போன துரைக்குக் கட்டினது வரவில்லை.
அதற்கு முந்தின துரைக்குக் கட்டினதும் வரவில்லை.
இந்தத் துரைக்கும் கட்டிக் கொடுத்தேன்,
கொடுக்காவிட்டால் பழசும் வராது என்று
சேவகன் சொன்னபடியால்.
ஆக ஏழு ரூபாய் ஐந்து பணம்.
பூ வாடிப்போகிறது, கடன் வாடுகிறதில்லை.'

கீழே பிரெஞ்சில் மொழிபெயர்ப்பு.
செங்கேணி அதில் சான்கெனி.
ஏழு ரூபாய் ஐந்து பணம்
அங்கே ஐந்து ரூபாய்.
வாடுகிற வரியே கிடையாது.
மேலே நீலப் பென்சிலில்,
அவசரமே இல்லாத சாய்வெழுத்தில்:
'அடுத்த கவர்னர் வரும்வரை நிறுத்திவைக்க.'

சோலாஞ்ஜ் ஒரு உறையை நீட்டினாள்.
நாலு மணிக்குக் கீழ்க்கூடத்தில்
புது இயக்குநருக்கு வரவேற்பாம்,
பூச்செண்டுக்கு ஆளுக்கு இரண்டு யூரோ.
என் ஜனவரிக் கூலிச் சீட்டு
அவர் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறது.
போட்டேன்.
பூக்கடைக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன்.
அதெல்லாம் மாதக் கடைசியில், என்றாள்,
ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல்.

யார் பேசுவது?
துணை இயக்குநர்தான். போன தடவை பேசினாரே,
அந்தத் தாளையே வைத்திருக்கிறாராம்.

காற்று கொஞ்சம் அடங்கியது.
செங்கேணியின் தாளை மடிப்பு நீவிக் கண்ணாடிக்கடியில் வைத்தேன்.
பெயருக்குப் பக்கத்தில்
ஒரு பெருக்கல் குறி, இவள் கீறல்.
ஒரு கோடு நேர்.
மறு கோடு, பேனாவைப் பிடிக்கத் தெரியாமல்
நாரை இழுப்பதுபோல் இழுத்தது,
தாளைக் கிழித்திருக்கிறது.

அந்தக் கிழிசலும் விழும்படி
விளக்கைச் சாய்த்து
இன்னொரு முறை எடுத்தேன்.
ஒன்றுக்குத்தான் கூலி.