உள்ளது உள்ளபடி

இஷ்பெமிங்கில் ஏப்ரல் பிறந்தும் பனி கரையவில்லை.
இரும்புக்கடை வாசலில் வண்டியின் பின்கதவைத் தூக்கி
பெட்டியின் ஐந்து கொக்கிகளில்
வேலை செய்யும் மூன்றை நீக்கினேன்.
அறுபத்தாறில் செய்த பேஸ் கிடார்.
குறைகளை நானே முதலில் சொல்லிவிடுவது வழக்கம்.

பிக்கப் இரண்டில் ஒன்று மாற்றியது.
ஒரு முறுக்காணி வேறு குடும்பத்துப் பிள்ளை.
தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட தழும்பு,
என்னுடையதல்ல, நான் புகைத்ததெல்லாம் மேடைக்கு வெளியே.
தடித்த தந்தியின் கீழ்
மூன்றாம் மெட்டு பள்ளம் விழுந்துவிட்டது.

"மூன்றாவது மட்டும் ஏன்?" என்றார் டெல்பர்ட் லாஹ்தி.

அது ஜி.
எங்கள் பாடகன் ஆர்மஸுக்கு வேறு சுருதி பிடிபடாது.
கல்யாணம், மதுக்கடை, சுரங்கச் சங்கத்தின் ஆண்டுவிழா,
முப்பத்தோரு வருஷம்
என் விரல் அங்கேயே குடியிருந்தது
வாடகை தராமல்.

நூற்றைம்பது குறைக்கச் சொன்னார். சொல்லட்டும்.
புதியதையே உப்புத்தாளால் தேய்த்து
பழசுபோல் விற்கிறார்களாம், கூடுதல் விலைக்கு.
இதில் தேய்ந்ததெல்லாம் தானாகத் தேய்ந்தது,
நானும் சேர்த்துத்தான்.

பேரம் இதுதான்:
அவருடைய படகு மோட்டார், மேலே இரண்டாயிரம் டாலர்.
மோட்டாரின் குறை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அதையும் கவனித்துக்கொண்டேன்.

"மேல்கொம்பில் இது என்ன?
பூச்சு போய் மரம் வழவழவென்று..."
அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன்.
மறக்கவில்லை.

ஆம்ப் இல்லாத பேஸ்
அடுத்த வீட்டுப் பேச்சு மாதிரி.
நான் சொல்லித்தரவில்லை, அவரே குனிந்தார்,
கம்பளித் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி
தாடை எலும்பை அந்த இடத்தில் பொருத்தி
தடித்த தந்தியைச் சுண்டினார்.
கண் தானாக மூடிக்கொண்டது.

இரவு ஷிப்ட் முடித்து உர்ஹோ தூங்கும்
திரைபோட்ட பகல்களில்
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து
நான் பல்லால் கேட்டுப் பழகிய இடம் அது.
ஒருநாளும் அவர் விழித்ததில்லை.

இப்போது அது ஒலிக்கிறது,
எனக்குத்தான் கேட்கவில்லை.

நூற்றைம்பது போகட்டும் என்று வாய்வரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
அவரும் திரும்பக் கேட்கவில்லை,
பணத்தை எண்ணும்போது கை கொஞ்சம் நடுங்கியது,
குளிராகவும் இருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாயில்
மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன்.
நாலாவது இழுப்பில் பிடித்தது.
எஃப்பும் இல்லை, ஜியும் இல்லை,
நடுவில் எங்கோ நின்று உறுமுகிறது.
ஆர்மஸ் கேட்டிருந்தால்
சண்டைக்கே வந்திருப்பான்.