குந்தார்ஸின் வாக்கு

லியபாயா துறைமுகத்தில் இரவுப் பணி.
எந்த இழுவைப் படகு, எந்தக் கப்பல், எத்தனை மணி
என்று குறித்துவைப்பது வெல்தாவின் வேலை.
கப்பல் வராத இடைவெளிகளில் இன்னொரு திரை.
அதில் அவள் நூற்றுப் பதினெட்டுப் பேர்.

சொந்த டோக்கன் நாலாயிரத்துச் சொச்சம்.
மீதியெல்லாம் நம்பி விட்டவர்களுடையது.
ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.
கட்டணத்தைக் கூட்டலாமா,
கருவூலத்திலிருந்து யாருக்கு எவ்வளவு,
எந்தப் பிழையை முதலில் திருத்துவது...
வாசிக்கப் பொழுதில்லாதவர்கள்
வாசிக்கிறவள் கையில் எடையை வைத்துவிட்டு
சோலியைப் பார்க்கப் போனார்கள்.
பொருளைக் கொடுக்கவில்லை,
பொருளின் பேச்சை மட்டும்.

அவர்களில் குல்டீகா ஊர்க்காரன் குந்தார்ஸ்,
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
நாலு வருஷம் முன்பு எழுதினான்:
"நீ எந்தப் பக்கம் என்று நான் பார்ப்பதில்லை.
ஏன் என்று எழுதுகிறாயே, அதைப் படிக்கிறேன்."
ஒரே ஒரு முறை, அந்தக் கட்டண விவகாரத்தில்,
வாக்கெடுப்பு திறக்குமுன் ஒப்படைத்ததைத் திரும்ப எடுத்து
அவளுக்கு எதிராகப் போட்டுவிட்டு
மறுநாளே அவளிடம் கொண்டுவந்து வைத்தான்,
தன் சைக்கிளைத் தானே இரவல் வாங்கிப்போனவன்போல.

பிப்ரவரியில் அவன் தங்கை மைகாவின் தகவல்.
அண்ணன் இல்லை. போன செப்டம்பரில்.
பன்னிரண்டு சொல் ரகசியத்தை எங்கே எழுதிவைத்தான், தெரியவில்லை.
மாவு டப்பா வரைக்கும் தேடியாயிற்று.
உங்களால் எடுக்க முடியுமா?

முடியாது. எவராலும்.
வெல்தா மேசையைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தாள்:
செப்டம்பருக்குப் பின் ஒன்பது வாக்கெடுப்பு.
ஒன்பதிலும் கை தூக்கியிருக்கிறான்.

அவள் மொழியில் குரலுக்கும் வாக்குக்கும் ஒரே சொல், பால்ஸ்.
நம் மொழியில் கொடுத்த சொல்லும் வாக்குதான்.
எதை விட்டுப்போனான் அவளிடம்?

இப்போது எண்பத்து நான்காம் முன்மொழிவு:
பதினெட்டு மாதம் புதுப்பிக்காத ஒப்படைப்பு
தானாகக் காலாவதி ஆகும்.
இறந்தவர்களுக்கு மட்டுமல்ல,
சோம்பேறிகள், கடவுச்சொல் மறந்தவர்கள்,
காதலில் விழுந்து உலகத்தையே மறந்தவர்கள்
எல்லோரும் அடக்கம்.

முடிய நாற்பது நிமிடம்.
'ஆம்' பக்கம் எட்டு லட்சத்து அறுபதாயிரம் குறைகிறது.
வெல்தாவின் மொத்த எடை ஒன்பது லட்சம்.
குந்தார்ஸைக் கழித்தால் எட்டாது.
கழிக்கவும் வழியில்லை: நிரல் அவளைத் துண்டு போடாது,
அவள் எழுந்தால் நூற்றுப் பதினெட்டும் எழும்.

செத்தவன் வாக்கு இனிச் செல்லாது என்பதற்குச்
செத்தவனே வாக்களிக்க வேண்டும்.

அவனோடு சேர்ந்து அவள் பதினேழாம் இடம்.
அவன் இல்லாமல் முப்பத்தொன்று.
செல்வாக்கு என்கிறோம்,
செல்லும் வரைதான் வாக்கு.
இதையும் நினைத்தாள். வெட்கப்பட்டாள்.
மறுபடியும் நினைத்தாள்.

வெளியே காற்று கிரேன்களைச் சீட்டியடிக்க வைக்கிறது.
தேதி போட்ட விதி எதுவும் அவனுக்குப் பிடிக்காது.
'வேண்டாம்' என்றிருப்பானோ?
கேட்க ஆளில்லை என்பதுதானே முன்மொழிவே.

காரணம் எழுதும் கட்டத்தில் எப்போதும் அரைப் பக்கம் எழுதுவாள்.
இன்று இவ்வளவு:
"இதைப் படிக்க வேண்டியவர் படிக்கமாட்டார். அதனால் ஆம்."

அழுத்தினாள்.

நிறைவேற இரண்டு நாள் காத்திருப்பு, அதுவும் விதி.
மூன்றாம் இரவு பார்க்கையில் எண் குறைந்திருந்தது.
அவனோடு இன்னும் இருபத்தாறு பேர்.
மைகா பதறி எழுதினாள்: எங்கே போயிற்று?
எங்கும் போகவில்லை, அவன் பெயரில் அங்கேயே இருக்கிறது,
யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.
இனிமேல் பேசாது, அவ்வளவுதான்.

அனுப்பி முடிக்குமுன் ரேடியோ கரகரத்தது.
முகத்துவாரத்தில் ஏதோ படகு, பனிமூட்டம்.
"வெல்தா, இருக்கிறாயா?"

சற்றே தாமதமாக,
"இருக்கிறேன்" என்றாள்.