பெரியநாயகிக்கு வியாழன் ஐந்து மணி

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடைக்கு மேலே
என் அறை.
இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி,
நடுவில் டிஷ்யூ பெட்டி.
வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்,
பிறகு என்னை.

மாதத்துக்கு நான்கு பெட்டி தீரும்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால்
இந்தக் கணக்கு தப்பிவிடும்.

காலிப் பெட்டியைப் பிரித்தால்
உள்பக்கம் சாம்பல் நிறம்,
யார் கையும் படாத பக்கம்.
பேனா எழுதுகிறதா என்று பார்க்க
ஒருநாள் அதில் கோடு இழுத்தேன்.
கோடு வளைந்து காகமாயிற்று.
காகம் கத்திரிக்காய் போலிருந்தது.
இருக்கட்டும் என்றேன்,
யாரிடமும் கேட்காமல்.

அன்று முதல் குறிப்பேட்டில்
வியாழன் ஐந்து மணிக்கு நேராக
‘பெரியநாயகி, வயது 43’ என்று எழுதி வைக்கிறேன்.
பாடலீஸ்வரர் கோயில் அம்மன் பெயர்,
கடனாக எடுத்தேன்.
கோபித்துக்கொள்ள மாட்டாள்.
அவளும் நாள் முழுக்க
பிறர் சொல்வதைக் கேட்டு நிற்பவள்.

அந்த ஒரு மணி நேரம்
கதவு சாத்தியிருக்கும்.
மகளின் பழைய வண்ண டப்பா,
நீலம் எப்போதோ தீர்ந்துவிட்டது, பச்சை பாதி.
காபி டபராவில் தண்ணீர்.
காலையிலிருந்து காதில் விழுந்ததை
வரையவே மாட்டேன்; அது அவர்களுடையது.
கெடிலம் பாலத்தில் மூச்சு வாங்கி நின்ற லாரி,
லாரன்ஸ் ரோட்டில் மாதுளை உரிப்பவனின் கட்டைவிரல்,
முதுநகரில் கணவாய் வாங்கிய பை
பேருந்துப் படியில் கசிந்த தடம்.
எதுவும் அதுபோல் வராது.
வராவிட்டால் என்ன.
இங்கே நான் தொட்டு
ஒன்றும் குணமாக வேண்டியதில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழன்
நாலே முக்காலுக்கு
சோனாங்குப்பத்திலிருந்து ஒருத்தி நனைந்தபடி வந்தாள்,
வாசல்வரை மூன்று முறை வந்து திரும்பியவளாம்.
பெரியநாயகியை எழுப்பி அனுப்பிவிட்டு
அவளை உட்காரவைத்தேன்.
அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பையன்.
அதற்கடுத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு.
பிறகு இரண்டு வியாழன் யாருமே வரவில்லை.
அப்போதும் நான் பெட்டியைப் பிரிக்கவில்லை.

சாம்பாரில் உப்பில்லை என்றார் அவர் ஒரு ராத்திரி.
“அது உங்களுக்கு எப்படி இருந்தது?”
தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டேன்.
மகள் சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.
கேட்டது என் வாய்தான்.
நான் எங்கே இருந்தேன், தெரியவில்லை.

வரவேற்பு மேசை அஞ்சலாட்சிக்குக்
கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால் தூக்கம் பிடிக்காது.
மார்கழி பிறந்த வாரம்
குறிப்பேட்டை என் முன்னால் விரித்து விரல் ஓட்டினாள்.
“இந்தப் பெரியநாயகி அம்மா
அஞ்சு வாரமா வரல மேடம்.
முன்னாடியும் அவங்க மாடி ஏறி
நான் பார்த்ததில்ல.
வந்துட்டுப் போனா மட்டும்
உங்க விரல்ல பச்சை ஒட்டியிருக்கும்.
போன் பண்ணி வரச்சொல்லட்டுமா?”

நம்பர் இல்லையே என்றேன்.
“எங்கிட்ட இருக்கு” என்றாள்.
கட்டணப் பத்தியில்
சிவப்பு மையில் ஐந்து வரியிலும் ஒரே சொல்:
பாக்கி.

இன்று வியாழன்.
கீழே யாரோ இருமல் மருந்து கேட்கிறார்கள்.
கதவுக்கு வெளியே போனில் அவள் குரல்:
“அஞ்சு மணிக்கு ஆள் இருக்காங்க, ஆறுக்கு வாங்க.
ரொம்ப அவசரம்னா
பெரியாஸ்பத்திரி நம்பர் தரேன், எழுதிக்குங்க.”

சேர்ந்துபோன ஏழு பெட்டிகளில் ஒன்றை எடுத்து
மடிப்பு பிரித்துத் தட்டையாக்குகிறேன்.
நீலம் இன்னும் வாங்கவில்லை.
கடலைப் பச்சையில்தான் தீட்ட வேண்டும்.
தேவனாம்பட்டினத்தில் சில நாள்
அது அப்படித்தான் இருக்கும்.